பாடாத பெல்ட்

பட்டறை
பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். கடல் உன்னை அதிகம் ஆட்டாமல், வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, மனுஷனாக வைத்திருக்கிறதா? கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும் என்று ஏஜென்ட் ஆபீசில் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

நீ போன பிறகு நடந்த பெரிய விஷயம், பழைய முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் விறகும் உடைந்த நாற்காலியும் கிடந்த கொட்டகை இப்போது என் பட்டறை. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் நேராக எஞ்சின் முன்னால் வந்து நிற்கலாம். நானே முதலாளி, நானே தொழிலாளி. வேலைநிறுத்தம் செய்யக்கூட வழியில்லை.

முதல் பெரிய வேலை ஒரு டீச்சரம்மாவின் கார். எஞ்சினை முழுக்க இறக்கி, பிஸ்டன், வால்வ், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, புது டைமிங் பெல்ட் மாட்டிக் கொடுத்தேன். இது நல்லபடியாக ஓடினால் பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் இனி உங்களிடம்தான் என்று அந்தம்மா வாய்விட்டே சொல்லியிருக்கிறார். ஓடாவிட்டால் பழைய முதலாளி வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த மனுஷன் அப்போது சிரிக்கப்போகிற சிரிப்பு இப்போதே என் கண்ணுக்குத் தெரிகிறது.

வண்டியை எடுத்துப்போன வாரமே அந்தம்மா திரும்பி வந்துவிட்டார். "அண்ணே, வண்டி கத்துது" என்கிறார். போட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. கூடவே உட்கார்ந்து தெருக்கோடி வரை போய் வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. "இதோ, இப்ப கத்துது" என்று அவர் சொல்கிற இடத்திலும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானும் அவரை ஒரு மாதிரிதான் பார்த்தேன்.

பெல்ட்டின் இறுக்கத்தில்தான் ஏதோ என்று ஒரு சந்தேகம். உனக்குக் கப்பல் எஞ்சினே அத்துப்படி. ஒரு காருக்கு வழி சொல்ல மாட்டாயா? யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அத்தான்


(இதே உறைக்குள், நான்காக மடித்த தாளில்)

தம்பிக்கு,

நல்லா இருக்கியாடா. உறையை ஒட்டுகிறேன் என்று வாங்கி, அவருக்குத் தெரியாமல் இதை உள்ளே வைக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான்.

பட்டறை வைத்த நாளிலிருந்து உன் அத்தான் ஆளே மாறிவிட்டார். என்ன சொன்னாலும் செவிடன் காதில் ஊதின சங்குதான். பின்கதவில் நின்று சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், குக்கர் அலறுகிறது, நான் குளியலறையிலிருந்து ஓடி வந்து அணைக்கிறேன். "எழுந்து அணைச்சா என்ன?" என்றால், "என்ன?" என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விடுகிறார். எஞ்சினிடம் மட்டும் நாளெல்லாம் காதைக் கொடுக்கிறார். எனக்கும் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா?

அவரிடம் இதைப் பற்றி எழுதாதே.

அக்கா


கப்பல்
மார்ச் 2

அத்தானுக்கு வணக்கம். நான் நலம். கடல் ஆட்டுவதை நிறுத்திவிட்டது, சமையல்காரர்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறார். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முதலாளி ஆனதற்கு வாழ்த்து. ஊருக்கு வந்ததும் உங்களிடம் கைகட்டி நின்று சம்பள உயர்வு கேட்கப்போகிறேன்.

கார் கத்துகிறது என்றால், எஞ்சின் வேகம் கூடக்கூடக் கத்தலும் கூடுகிறதா என்று அந்த டீச்சரம்மாவைக் கேளுங்கள். ஆமாம் என்றால் பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். எஞ்சின் சூடானால் இன்னும் இறுகும். அப்படியே ஓடினால் முதலில் தண்ணீர் பம்பின் பேரிங் போகும். அப்புறம் பெல்ட் போகும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வைக் குத்தும். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்டதெல்லாம் ஒரு நொடியில் பாழாகிவிடும்.

எஞ்சின் ஆறின பிறகு மேல்மூடியைக் கழற்றுங்கள். பெல்ட்டின் நீளமான பக்கத்தில், நடுவில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துத் திருப்பிப் பாருங்கள். கால் சுற்று திரும்பினால் சரி. அதற்குமேல் திரும்பினால் தளர்ச்சி. அதுவரைகூட வரவில்லை என்றால் இறுக்கம். எங்கள் எஞ்சின் அறையில் எல்லோரும் காதுமூடி போட்டிருப்போம். அதனால் இங்கே எதையும் காதால் பார்ப்பதில்லை, கையால்தான்.

நீங்கள் எப்படி இறுக்கினீர்கள் என்று எழுதவே இல்லையே.

அன்பு மறவாத
மாப்பிள்ளை

(தனி உறையில்) அக்காவுக்கு: அத்தான் புது வேலை மும்முரத்தில் இருப்பார். கோபிக்காதே.


பட்டறை
மார்ச் 20

மாப்பிள்ளைக்கு, நலம். உன் நலம் அறியக் காத்திருக்கிறேன். சமையல்காரரிடம் பகை வேண்டாம். எஞ்சினைவிட அவர்தான் முக்கியம்.

எப்படி இறுக்கினேன் என்று கேட்டிருந்தாய். எப்போதும்போலத்தான். பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இறுக்கி, எஞ்சினை ஓட்டிப் பார்ப்பேன். ஒரு கட்டத்தில் பெல்ட் 'ஈ' என்று மெல்லிசாகப் பாட ஆரம்பிக்கும். பாட்டு வந்ததும் நிறுத்தி, ஒரு மயிரிழை தளர்த்தினால் பாட்டு நிற்கும். அங்கே நட்டைப் பூட்ட வேண்டியது. பழைய முதலாளி பட்டறையில் எல்லோரும் செய்தது இதுதான். புத்தகம் பார்த்து இறுக்கியவன் வண்டி திரும்பி வந்திருக்கிறது. என் வண்டி வந்ததில்லை.

ஆனால் இந்தப் பெல்ட் பாடவே இல்லை. இறுக்கினேன், இல்லை. மறுபடி இறுக்கினேன், இல்லை. ஸ்பேனர் இதற்குமேல் வராது என்று அடம்பிடிக்கும்வரை இறுக்கிவிட்டேன். அப்போதும் மூச்சு விடவில்லை. அப்படியே பூட்டிவிட்டேன். இப்போது வருகிற பெல்ட்டுகளின் ரப்பரே வேறு போலிருக்கிறது, எவ்வளவு இறுக்கினாலும் பாடாத ஜாதி.

நீ சொன்னபடி விரல் வைத்துத் திருப்பினேன். அசைய மறுக்கிறது. பம்பைப் பார்த்தேன், ஒழுகுகிறது. கை இறுக்கம் என்கிறது, பம்பும் ஆமாம் என்கிறது, காது மட்டும் இல்லவே இல்லை என்கிறது. நான் யாரை நம்புவது? இருபது வருஷம் எனக்குச் சோறு போட்டது காது. நேற்று நீ சொல்லிக் கொடுத்த விரலுக்காக அதை விட்டுக்கொடுக்க முடியுமா? பம்ப்தான் மட்டமான சரக்கு என்று முடிவு கட்டி, வேறு பம்ப் போட்டு, பெல்ட்டைப் பழையபடியே இறுக்கி அனுப்பினேன்.

டீச்சரம்மா வண்டி எடுக்க வரும்போது அவர் குட்டிப் பெண்ணும் வந்தது. நான் எஞ்சினைப் போட்டேனோ இல்லையோ, அது இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. "மாமா, வண்டி அழுவுது" என்கிறது. அம்மாவுக்குத் தப்பாத பெண். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குழந்தையிடம் காட்ட முடியுமா, சிரித்து வைத்தேன்.

ஒன்றும் புரியவில்லை மாப்பிள்ளை. பாக்கியெல்லாம் இருக்கட்டும், உன் அக்காவும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். என்ன என்று இரண்டு தடவை கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று போய்விடுகிறாள். வயசாகிறதல்லவா, குரல் இறங்கிவிட்டது போலும்.

உடனே பதில் போடு.

அத்தான்


கப்பல்
ஏப்ரல் 6

அத்தானுக்கு, நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் தலைதான் கால் சுற்று திரும்பியது. பெல்ட் இறுக்கம் என்று எல்லாமே சொல்கிறது. இறுக்கம் என்றால் சத்தம் வராமல் இருக்காது. எங்கள் தலைமை எஞ்சினியரிடம் கேட்டேன். "பாடாத பெல்ட்டா? எனக்கு ஒண்ணு வாங்கி அனுப்பச் சொல்லு" என்று சிரிக்கிறார். ஒருவேளை டீச்சரம்மா கேட்கும் சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறதோ? டைனமோ பெல்ட்டா, ரேடியேட்டர் விசிறியா? இங்கே இருந்துகொண்டு நான் குருடன் யானையைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். அக்காவின் டேப் ரெக்கார்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பானெட்டைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வையுங்கள். எஞ்சினைப் போட்டு, மெதுவாக, வேகமாக, மறுபடி மெதுவாக ஓட்டிப் பதிவு செய்து கேசட்டை அனுப்புங்கள். என் காதால் கேட்டால்தான் எனக்குப் பிடிபடும்.

அதுவரை அந்த வண்டி அதிகம் ஓட வேண்டாம் என்று டீச்சரம்மாவிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை வைத்திருக்கிறவர்.

மாப்பிள்ளை


வீடு
ஏப்ரல் 25

தம்பிக்கு,

நல்லா சாப்பிடுறியா? துணிமணியெல்லாம் ஒழுங்காகத் துவைத்துக்கொள்கிறாயா? எனக்கு ஒன்றுமில்லை.

நீ கோபிக்காதே என்று ஒரு வரி எழுதிவிட்டாய். எளிது. கோபம் வந்தால்தானே கோபிக்காமல் இருக்க. அதெல்லாம் தாண்டிவிட்டது.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றே. தட்டை வைப்பேன், எடுப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். "என்னடி ஆச்சு உனக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா, கேட்டால் அழுது தீர்த்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் கவனிக்கவே இல்லை. வாரம் முடிந்து நானாகவேதான் பேசினேன், பால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்ல. அதற்கும் "ம்" என்றார். எதற்கு ம் என்று அவருக்கே தெரியாது.

இருபத்தோரு வருஷம் ஒருத்தரோடு இருந்துவிட்டு, நான் பேசாதது அவருக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை என்றால் நான் இந்த வீட்டில் யார்? சொல்லு.

நீ கப்பலேறும்போது உன் வாடகை அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அது அஞ்சறைப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நான் கொஞ்ச நாள் உன் அறையில் போய் இருக்கட்டுமா? கொஞ்ச நாளா, மொத்தமாகவா என்று இப்போது கேட்காதே. எனக்கே தெரியவில்லை. அவரிடம் ஒரு தடவை நேராகக் கேட்டுவிட்டு, அவர் சொல்வதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.

அக்கா


பட்டறை
ஏப்ரல் 28

மாப்பிள்ளைக்கு, எல்லோரும் நலம். வீட்டிலும் இப்போது நல்ல அமைதி. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது.

நீ கேட்ட கேசட் இத்துடன் இருக்கிறது. டீச்சரம்மா வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "இந்தத் தடவையும் சரியாகலேன்னா வேற இடம் பாத்துக்கறேண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் குத்துகிறது. பள்ளி விடுமுறை முடிகிறவரை வண்டி என்னிடம் இருக்கும். அதற்குள் இதைக் கண்டுபிடிக்காவிட்டால் வேன்களும் இல்லை, பட்டறையும் இல்லை.

நீ சொன்னபடியே ஸ்டூல் போட்டுப் பதிவு செய்தேன். எஞ்சினை நிறுத்தின பிறகு ரெக்கார்டரை மறந்துவிட்டுப் பம்ப் பக்கம் குனிந்துவிட்டேன், அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் போட்டுக் கேட்டேன். எஞ்சின் ஓடுகிற தடதடப்பு மட்டும்தான். கத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், டேப் ரெக்கார்டர் நம் கட்சி என்று.

ஆனால் அந்த ரெக்கார்டரும் கெட்டுவிட்டது போலத் தெரிகிறது. சத்தத்துக்குத் தகுந்தபடி ஆடுமே ஒரு சின்ன முள், அது கேசட்டில் எஞ்சின் நின்ற பிறகும் ஆடுகிறது. ஆடுகிறது, நிற்கிறது, மறுபடி ஆடுகிறது. பதிவு செய்தபோது பட்டறையில் நானும் சுவரும்தான் இருந்தோம். எதற்கு ஆடுகிறது என்று பெட்டியைத் தட்டிக்கூடப் பார்த்தேன். உன் அக்காவிடம் சொல்லவில்லை. அவள் ஆசையாக வைத்திருக்கும் பெட்டி.

கேட்டுவிட்டு உள்ளதை எழுது. என் தொழில் உன் காதில் இருக்கிறது.

அத்தான்


கப்பல்
மே 17

அத்தானுக்கு வணக்கம். நான் நலம்.

கேசட் வந்தது. கேட்டேன். மூன்று தடவை கேட்டேன்.

ரெக்கார்டர் கெட்டுப்போகவில்லை. கேசட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். சாப்பாட்டு மேஜைமேல் ரெக்கார்டரை வைத்து, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசிவரை இதைப் போடுங்கள். என்னென்ன கேட்கிறது என்று அவளைக் கேளுங்கள். நீங்கள் கேசட்டைக் கவனிக்க வேண்டாம், அவளைக் கவனியுங்கள்.

அதுவரை அந்த எஞ்சினைத் தொடாதீர்கள். ஓட்டவும் வேண்டாம்.

இதற்குமேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை அத்தான். எஞ்சினைப் பற்றி நிறைய எழுத உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. பதில் போடுங்கள். இருவரில் யாராவது ஒருவர் சீக்கிரம் போடுங்கள்.

மாப்பிள்ளை


வீடு
ஜூன் 6

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ பயந்துபோய் எழுதியிருந்தாய், அதனால் முதலில் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "உன் தம்பிக்குக் கடல் தண்ணி தலைக்கேறிடுச்சு" என்றார். இருந்தாலும் பெட்டியை மேஜைமேல் கொண்டுவந்து வைத்து, என்னை உட்காரச் சொல்லி, எதிரில் உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்கு என்னவோ போலிருந்தது.

கேசட் ஓடியது. எஞ்சின் கிளம்பியதும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்படி ஒரு கீச்சல், தம்பி. சிலேட்டில் ஆணியால் கிழிக்கிற மாதிரி. வேகம் கூடக்கூட அதுவும் ஏறுகிறது. பல்லெல்லாம் கூசிவிட்டது. அவர் "என்ன? என்ன?" என்கிறார். "இந்தக் கத்தல் உங்களுக்குக் கேக்கலையா?" என்றேன். "எங்க?" என்றார். "இதோ, இப்ப." பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தார். அப்புறம் இந்தக் காது, அப்புறம் அந்தக் காது. "தடதடன்னுதானே கேக்குது" என்றார். அவர் முகம் கோணிப்போனதை நான் இப்போது எழுத விரும்பவில்லை.

எஞ்சின் நின்றது. அதற்குப் பிறகு என் குரல்.

பின்கதவில் நின்று "என்னங்க, சாப்பிட வாங்க" என்கிறேன். மறுபடி கூப்பிடுகிறேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறேன். அப்புறம் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நீ மூன்று தடவை கேட்டிருக்கிறாய். "நான் தம்பி ரூமுக்குப் போயிடவா? இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடறேன். நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா போகச் சொன்னதாத்தான் அர்த்தம்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பேனர் விழுகிற சத்தம் மட்டும் இருக்கிறது. அன்றைக்கு அதைத்தான் நான் பதிலாக எடுத்துக்கொண்டு, ட்ரங்குப் பெட்டியில் இரண்டு புடவையை எடுத்து வைத்தேன். உன் பதில் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அந்த முள் ஆடுவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எதுக்கு ஆடுது?" என்று கேட்டார். "நான் பேசறேன்" என்றேன். "என்ன பேசற?" என்றார். "சாப்பிடக் கூப்பிடறேன்" என்றேன்.

"என்னையா? நான் அங்கதானே இருந்தேன்" என்றார். "தினமும்தான் கூப்பிடறேன்" என்றேன். அப்போதுதான் அவருக்கு ஒவ்வொன்றாக உறைக்க ஆரம்பித்தது. குக்கர், வாசல் மணி, பால்காரர். "அப்ப அந்தக் குழந்தை சொன்னது நிஜமா?" என்று கேட்டார், தம்பி. அந்தக் குழந்தையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அந்த அம்மாவையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி ரோட்டில் ஓடியதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை மாதமும் அவர் பெல்ட்டோடு சண்டை போட்டார், நான் அவரோடு சண்டை போட்டேன். இரண்டு பேருக்கும் எதிராளி இல்லை. அழுவதா சிரிப்பதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

கேசட்டைக் கேட்டபிறகும் நீ எனக்கென்று தனியாக ஒரு வரி எழுதவில்லை. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா


பட்டறை
ஜூன் 19

மாப்பிள்ளைக்கு, நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. பெரும்பாலும் நலம்.

காது டாக்டரிடம் போனோம். தலையில் ஒரு பட்டையை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். பாதி நேரம் நான் கையைத் தூக்கவே இல்லை. மெல்லிசாக, மேலே ஏறிக் கேட்கிற சத்தமெல்லாம் போய்விட்டதாம். கனத்த சத்தம் மட்டும் பாக்கி இருக்கிறதாம். எஞ்சின் பக்கத்திலேயே கிடந்தால் இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் ஆளுக்கே தெரியாது, போனது போனதுதான், ஒரு கருவி வைத்தால் பேச்சு பிடிபடும் என்றார். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பெல்ட் பாடவில்லை, பாடவில்லை என்று ஸ்பேனர் நிற்கிறவரை இறுக்கியிருக்கிறேன். அது முதல் திருகிலிருந்தே பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

மூடியைக் கழற்றினேன். பெல்ட்டின் ஓரமெல்லாம் நார் நாராகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டாவது பம்பும் கையால் சுற்றினால் கரகரக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அறுந்திருக்கும். புது பெல்ட், புது பம்ப் போட்டு, நீ சொன்னபடி விரலால் கால் சுற்று பார்த்துப் பூட்டினேன். மறுநாள் எஞ்சின் நன்றாக ஆறினபிறகு மறுபடி பார்த்தேன். அதே கால் சுற்று. அப்போதும் மனசு ஒப்பவில்லை. நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியை உன் அக்கா காதில் வைத்து, ஓட்டிக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இல்லை" என்று தலையாட்டினாள். புடவைத் தலைப்பில் கிரீஸ். திட்டவில்லை.

டீச்சரம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன், எனக்குக் காது போய்விட்டது என்று. அவர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேன்கள் போயே போச்சு என்று நினைத்தேன். "அப்ப இதை யாரு கேட்டுச் சரி பாத்தாங்க?" என்றார். "என் வீட்டுக்காரி" என்றேன். "சரி, அப்ப ஸ்கூல் வேன் ஒண்ணை அவங்களை நம்பி விடறேன்" என்றார். அடுத்த மாதம் வருகிறது. குட்டிப் பெண் காரில் ஏறிக் காதைப் பொத்தாமல் உட்கார்ந்தது. எனக்கு அது போதும்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கேசட்டின் கடைசியில் உன் அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறாளாம். ஆனால் நான் தனியாக மறுபடி போட்டுப் பார்த்தேன். முள் மூன்று தடவை குட்டியாக ஆடுகிறது, அது கூப்பிடுவது, சரி. அப்புறம் ரொம்ப நேரம் ஆடுகிறது. சாப்பிடக் கூப்பிட அவ்வளவு பேச்சு எதற்கு? அவளைக் கேட்டால் "அவ்வளவுதான்" என்கிறாள். நீ கேட்டவன். அவள் என்ன சொன்னாள்? நான் என்னத்தைக் கேட்காமல் விட்டேன்? எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. உன் அறைச் சாவியை இந்த உறைக்குள் வைக்கச் சொல்லி உன் அக்கா கொடுத்தாள். நீ கேட்டு எழுதியிருந்தாயாம். பத்திரமாக வந்ததா என்று எழுது.

அத்தான்


கப்பல்
ஜூலை 11

அத்தானுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் கடிதம் நேற்று இங்கே கிடைத்தது. கருவியைத் தள்ளிப்போடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேன் வரும்போது அக்காவுக்கு ஒரு பழைய சட்டை கொடுங்கள், புடவை பாழாக வேண்டாம்.

கேசட்டில் கடைசியில் இருப்பது அக்கா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவதுதான். நீங்கள் வராததால் கொஞ்சம் நீட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். சோறு ஆறிப்போகிறது, வருகிறீர்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. வேறொன்றும் இல்லை. இப்போது கூப்பிட்டால் போகிறீர்கள் அல்லவா, அது போதும். மீதி ஏதாவது இருந்தால் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, அவளிடமே கேளுங்கள். அவள் சொல்கிற நாளில் சொல்லட்டும்.

அந்த கேசட்டிலேயே, அதே பக்கத்தில், முதலிலிருந்து கடைசிவரை புது பெல்ட் ஓடுவதைப் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். பழையது அழிந்தால் பரவாயில்லை. நான் கேட்டாகிவிட்டது.

சாவி பத்திரமாக வந்து சேர்ந்தது அத்தான். ஆமாம், நான்தான் கேட்டிருந்தேன்.

அன்புடன்
மாப்பிள்ளை